கம்பத்தில் சறுக்கிய ஜாக்கி சான்: 40 வருஷமாக ரீவைண்ட் ஆகும் அந்த ஸ்டன்ட்டில் அப்படி என்ன இருக்கு?

ஹாங்காங்கில் ஒரு ஷாப்பிங் மால். நடுவில் பல மாடி உயரத்துக்கு ஒரு கம்பம், அதைச் சுற்றிக் கொடி மாதிரி தொங்கும் சீரியல் பல்புகள். மேல் மாடியின் கைப்பிடியில் ஏறிய ஒருவர், ஒரு கத்து கத்திவிட்டு அந்தக் கம்பத்துக்குத் தாவுகிறார். பல்புகள் படபடவென வெடிக்கின்றன. சரசரவெனச் சறுக்கி, கண்ணாடிக் கூரை ஒன்றை உடைத்துக்கொண்டு கீழே விழுகிறார். அடுத்த நொடியே எழுந்து வில்லனைப் பிடிக்க ஓடுகிறார்.

1985ல் வந்த ‘போலீஸ் ஸ்டோரி’ படத்தின் கிளைமாக்ஸ் இது. ஹீரோவும் இயக்குநரும் ஜாக்கி சான்தான். வயர் இல்லை, கிராபிக்ஸ் இல்லை. விளக்குகளின் சூட்டில் உள்ளங்கை வெந்தது, முதுகிலும் இடுப்பிலும் அடி. படத்தில் அந்தச் சறுக்கல் ஒரு தடவை அல்ல, வேறு வேறு கோணத்தில் மூன்று தடவை அடுத்தடுத்து வரும். கதைப்படி பார்த்தால் அபத்தம். ஒரு மனிதர் ஒரே கம்பத்தில் மூன்று முறை எப்படி இறங்குவார்? ஆனால் தியேட்டரில் யாரும் அதைக் கேட்கவில்லை. ‘நிஜமாத்தான் பண்ணோம், நல்லா பாத்துக்கோ’ என்று படமே ரசிகரிடம் சொல்லும் இடம் அது.

இன்றைக்கும் ஆக்‌ஷன் பட ரசிகர்கள் பேச உட்கார்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. எத்தனையோ கோடி செலவழித்த சூப்பர் ஹீரோ சண்டைகள் ஒரு வாரத்தில் மறந்துபோக, இது மட்டும் ஏன் நிற்கிறது?

அடி வாங்கத் தெரிந்த ஹீரோ

ஜாக்கி கற்றது முதலில் கராத்தேயோ குங்ஃபூவோ அல்ல, மேடைக்கலை. 1954ல் பிறந்தவர், சிறுவயதிலேயே ஹாங்காங்கில் ஒரு பீக்கிங் ஆப்பரா பள்ளியில் சேர்க்கப்பட்டார். குட்டிக்கரணம், பாட்டு, முகபாவம், ஆயுதப் பயிற்சி எல்லாம் ஒன்றாகக் கற்றுக்கொடுக்கும் இடம். தப்பு செய்தால் பிரம்படி. அவருடன் படித்தவர்கள்தான் சாமோ ஹங், யுவென் பியாவ். பின்னாளில் மூவரும் சேர்ந்து ஹாங்காங் ஆக்‌ஷன் காமெடியின் முகத்தையே மாற்றினார்கள். சண்டையை இவர்கள் தாளமாகப் பார்த்ததற்குக் காரணம் அந்தப் பள்ளிதான்.

1973ல் புரூஸ் லீ இறந்ததும், ‘அடுத்த புரூஸ் லீ’யைத் தேடி ஓடியது ஹாங்காங் சினிமா. ஜாக்கியையும் அந்தச் சட்டைக்குள் திணித்துப் பார்த்தார்கள். 1976ல் வந்த ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யில் முறைத்துக்கொண்டே இருந்தார், எடுபடவில்லை. 1978ல் யுவென் வூ-பிங் இயக்கிய ‘ட்ரங்கன் மாஸ்டர்’ வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்த ஆளிடம் இருப்பது கோபம் இல்லை, குறும்பு. புரூஸ் லீ அடித்தால் எதிராளிக்கு வலிக்கும். ஜாக்கி அடித்தால் அவருக்கே வலிக்கும். கையை உதறுவார், ஊதிக்கொள்வார், முடிந்தால் ஓடிவிடுவார். ஜெயிக்கவே முடியாது என்று தோன்றுகிற ஆள் எப்படியோ சமாளித்து ஜெயிப்பதுதான் இந்த வகைப் படத்தின் மொத்த சிரிப்பும்.

இந்தச் சிரிப்பின் வேர் மௌனப் படக் காலத்தில் இருக்கிறது. 1923ல் ஹெரால்ட் லாயிட் ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கினார். 60 வருஷம் கழித்து ‘ப்ராஜெக்ட் ஏ’ (1983) படத்தில் ஜாக்கியும் கடிகாரக் கோபுரத்தில் தொங்கி, இரண்டு துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தார். அதிலும் விழுவதை இரண்டு தடவை காட்டுவார்கள். பஸ்டர் கீட்டனின் சாயலும் இவர் படங்களில் நிறைய உண்டு.

கேமரா நகராமல் இருப்பதே வித்தை

ஹாலிவுட் சண்டை ஒன்றைக் கவனியுங்கள். கை ஓங்குவது ஒரு ஷாட், முகத்தில் படுவது இன்னொரு ஷாட், கேமரா வேறு குலுங்கிக்கொண்டே இருக்கும். யார் யாரை அடித்தார்கள் என்று தெரிவதற்குள் சண்டை முடிந்திருக்கும். நடிகருக்குச் சண்டை தெரியாததை மறைக்கப் பெரும்பாலும் இந்த வழிதான்.

ஹாங்காங்கில் நேர்மாறு. அடிப்பவரும் வாங்குபவரும் தலை முதல் கால் வரை ஒரே ஃபிரேமில் இருப்பார்கள். வெட்டும்போதும் அடிபடும் தருணத்தைச் சில ஃபிரேம்கள் திருப்பிக் காட்டுவார்கள். கண் அதைத் ‘திருப்பி’ என்று உணராது, ‘பலமான அடி’ என்று உணரும். சில இடங்களில் வினாடிக்கு 24க்குப் பதில் குறைவான ஃபிரேம்களில் படம்பிடித்து வேகத்தையும் கூட்டினார்கள். ஆக, நிஜம் என்றாலும் அதிலும் சினிமா ஏமாற்று உண்டு.

அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் இந்தச் சண்டைகளில் ஒரு தாளத்தைச் சுட்டிக்காட்டினார்: அசையாமல் ஒரு நிறுத்தம், திடீரென ஒரு வெடிப்பு, மறுபடி நிறுத்தம். ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ (1984) படத்தில் ஜாக்கியும் நிஜ கிக்பாக்ஸிங் சாம்பியன் பென்னி உர்கிடெஸும் மோதும் காட்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள். உர்கிடெஸ் சுழற்றிய காலின் காற்றில் மெழுகுவர்த்திகள் அணையும். செம சண்டை. பல ரசிகர்களுக்கு ஜாக்கியின் ஆகச்சிறந்த சண்டை இதுதான்.

இன்னொரு சுவாரஸ்யம். அந்தக் கால ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஒலி இல்லாமல் படம்பிடித்து, பிறகு குரல் சேர்க்கப்பட்டவை. மைக் பற்றிய கவலை இல்லாததால் கேமராவுக்கும் ஸ்டன்ட் கலைஞர்களுக்கும் முழு சுதந்திரம். தமிழ் டப்பிங்கில் ஜாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் ‘ஒரிஜினலைப் பார்க்கலையே’ என்று வருத்தப்படத் தேவையே இல்லை. அந்த ஒரிஜினலும் டப்பிங்தான்! அந்த ரசிகர் பட்டாளத்தின் பலம், 2008ல் ‘தசாவதாரம்’ பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சென்னை வந்தபோது தெரிந்தது.

எண்ட் கார்டு போட்டாலும் எழுந்திருக்காதீங்க

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, சொதப்பிய டேக்குகள் வரும். 1981ல் ‘கேனன்பால் ரன்’ என்ற அமெரிக்கப் படத்தில் நடித்தபோது ஜாக்கி பிடித்த பழக்கம் இது. அங்கே நடிகர்கள் வசனத்தை மறந்து சிரிப்பார்கள். இங்கே ஆம்புலன்ஸ் வரும். ‘ரம்பிள் இன் தி பிராங்க்ஸ்’ (1995) படத்தில் கணுக்கால் உடைந்தபின், மாவுக்கட்டின் மேல் ஷூ போல பெயின்ட் அடித்த உறையை மாட்டிக்கொண்டு நடிப்பதைப் பார்க்கலாம். ‘போலீஸ் ஸ்டோரி 3’ (1992) முடிவில், ஓடும் வேனிலிருந்து ஜாக்கியின் கார் மேல் விழும் மிஷெல் யோ, பிடி கிடைக்காமல் சாலையில் உருள்வது தெரியும். அதே படத்தில் ஓடும் ரயில் மேல் பைக்கைத் தாவவிட்டவரும் அவர்தான்.

இங்கேதான் ரசிகருக்கு ஒரு நெருடல். ‘ஆர்மர் ஆஃப் காட்’ படத்துக்காக 1986ல் யூகோஸ்லாவியாவில் ஒரு மரத்திலிருந்து தவறி விழுந்த ஜாக்கிக்கு மண்டையோடு உடைந்தது. அவசர அறுவை சிகிச்சையில் பிழைத்தார். அந்த மரம் தாவல், மால் கம்பத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத ஸ்டன்ட். அவருக்காவது பேர் இருக்கிறது. ‘போலீஸ் ஸ்டோரி’ ஆரம்பத்தில் டபுள் டெக்கர் பஸ் சடாரென நிற்க, மேல்தளக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு சாலையில் விழுகிறவர்களின் பெயர் எத்தனை ரசிகருக்குத் தெரியும்? ‘எல்லா ஸ்டன்ட்டும் அவரே’ என்பதும் முழு உண்மை இல்லை. தேவைப்பட்ட இடத்தில் டூப் உண்டு. அவருக்குப் பின்னால் ஒரு முழு ஸ்டன்ட் குழுவே இருந்தது. அந்தத் தலைமுறையின் வலியையும் வறட்டுப் பெருமையையும் சேர்த்துப் பதிவு செய்தது ‘குங்ஃபூ ஸ்டன்ட்மென்’ ஆவணப்படம்.

இது தூரத்துக் கதையும் இல்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் நடந்த தமிழ்ப் படப்பிடிப்பில், கார் ஸ்டன்ட் செய்த கலைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

உயிரைப் பணயம் வைத்தால்தான் ஸ்டன்ட் என்று ரசிகர்களில் ஒரு சாரார் சொல்வது பாதிதான் சரி. ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ (1996) படத்தில் ஒரு சாதாரண மடக்கு ஏணியை வைத்து ஜாக்கி போடும் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து குதிப்பது, தீயில் புரள்வது எதுவும் இல்லை. ஏணிக்குள் நுழைகிறார், வெளியே வருகிறார், மடக்குகிறார், சுழற்றுகிறார். கம்பச் சறுக்கலுக்குக் கொஞ்சமும் குறையாமல் அதையும் ரீவைண்ட் செய்கிறார்கள். இழுப்பது ஆபத்து மட்டும் என்றால் அது நடக்காது. ஒத்திகையும், கண்ணுக்குத் தெளிவாகக் காட்டுகிற நேர்மையும்தான் பெரும்பங்கு.

இதற்குச் சாட்சி, ரசிகர்களாக இருந்தே தொழிலுக்கு வந்தவர்கள். அமெரிக்காவில் ஆண்டி லீ, பிரையன் லீ சகோதரர்கள் ஹாங்காங் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தே சண்டை கற்று, யூடியூபில் வீடியோ போட்டவர்கள். அவர்களைத் தேடிவந்தது ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ (2022) படம். முதலில் ஜாக்கியை மனதில் வைத்து யோசித்த அந்தக் கதை மிஷெல் யோவிடம் போனது. இடுப்புப் பையை ஆயுதமாக்கும் சண்டையில் பழைய ஹாங்காங் வாசனை அப்படியே வீசும். 2023ல் யோவுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர்.

ஸ்டன்ட்டுக்கு மட்டும் ஆஸ்கர் இல்லாத குறையும் தீரப்போகிறது. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கு 1980களிலேயே இடம் இருந்தது. ‘போலீஸ் ஸ்டோரி’க்கும் அது கிடைத்தது. இந்திய தேசிய விருதில் முதல்முறையாக அதை வாங்கியவர் ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கரில் 2027ல் வெளியாகும் படங்களுக்கு, 2028ல் நடக்கும் 100வது விழாவில் ஸ்டன்ட் வடிவமைப்புக்கான முதல் விருது தரப்படும்.