பல்லில் கடிபடும் வெள்ளைப் புள்ளி

இத்தாலியின் பார்மிஜியானோ ரெஜ்ஜியானோ சீஸில் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றால், நறுக்கென்று ஏதோ பல்லில் கடிபடும். முதல்முறை தின்பவர் மணல் என்று நினைக்கலாம், உப்புக்கல் என்றும் நினைக்கலாம். உற்றுப் பார்த்தால் வெளிர்மஞ்சள் துண்டில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். உடனே பூஞ்சையோ என்று சந்தேகம் வரும். மூன்றும் இல்லை. அது என்னவென்று தெரிந்துகொள்ள நியூயார்க்கின் ஈட்டாலி அங்காடி ஒரு நல்ல இடம்.

ஐந்தாம் அவென்யூவில், மேடிசன் சதுக்கப் பூங்கா அருகே, 200ஆம் எண் கட்டடத்தில் அது இருக்கிறது. ஒருகாலத்தில் பொம்மை வியாபாரம் கொடிகட்டிப் பறந்த கட்டடம். ஆஸ்கார் ஃபரினெட்டி என்பவர் 2007இல் இத்தாலியின் தூரின் நகரில், பழைய வெர்முத் ஆலை ஒன்றில் முதல் ஈட்டாலியைத் திறந்தார். நியூயார்க் கிளை 2010இல் வந்தது. பாஸ்தா, ஆலிவ் எண்ணெய், மீன், ரொட்டி எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். வாங்கவும் செய்யலாம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாம். கூட்டத்துக்குக் குறைவே இல்லை.

இங்கே மொஸரெல்லா சீஸைக் கண்ணெதிரே செய்கிறார்கள். திரைந்த பால்கட்டியை வெந்நீரில் போட்டுப் பிசைந்து இழுக்கிறார்கள். பரோட்டா மாவுபோல் அது இழுத்த இழுப்புக்கு வருகிறது, பட்டுபோல் மின்னுகிறது. பிறகு கையால் கிள்ளிக் கிள்ளி உருண்டை பிடிக்கிறார்கள். மொஸரெல்லா என்ற பெயரே ‘வெட்டியெடு’ என்னும் பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது.

அது ஏன் இப்படி இழுபடுகிறது? பாலின் முக்கியப் புரதமான கேசீன், கோடிக்கணக்கான நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டைக்கும் மேலே மயிரிழைபோல ஒரு போர்வை உண்டு. அதனால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் நொதி அந்த மயிரை மழித்துவிடுகிறது. மொட்டையான உருண்டைகள் ஒட்டிக்கொள்ள, பால் கட்டியாகிறது. உருண்டைகளை இறுக்கிப் பிடிப்பது கால்சியம். புளிப்பு ஏற ஏறக் கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும், பிடி தளரும். அந்தப் பதத்தில் வெந்நீர் பட்டால் புரதம் இழையிழையாக நீளும். புளிப்பு குறைந்தால் அறுந்துபோகும், கூடினால் உதிர்ந்துபோகும்.

மொஸரெல்லாவுக்குச் சில மணி நேரம் போதும். ருசியும் அதற்கேற்ப மென்மையாக, பால் வாசனையோடு நின்றுவிடுகிறது. பார்மிஜியானோவின் கதை வேறு.

அதே பால், அதே ரென்னட்தான். ஆனால் செம்புக் கொப்பரையில் திரைந்த கட்டியைக் கோதுமை மணி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். நீர் வடிந்து திரண்டதை அச்சில் வைத்து, பிறகு ஏறத்தாழ மூன்று வாரம் உப்புநீரில் ஊறப்போடுகிறார்கள். கிடைக்கும் சீஸ் சக்கரம் ஒன்றின் எடை சுமார் 40 கிலோ. அதற்குள் போன பால் 500 லிட்டருக்கும் மேல். அந்தச் சக்கரம் குறைந்தது 12 மாதம் அலமாரியில் காத்திருக்க வேண்டும். 24, 36 மாதம் காத்திருப்பவையும் உண்டு.

வெளியே ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. உள்ளே ஓயாத வேலை. பாலின் சர்க்கரையான லாக்டோஸை அதிலுள்ள பாக்டீரியாக்கள் முதல் இரண்டு நாளிலேயே தின்று தீர்த்துவிடுகின்றன. பிறகு உணவின்றிச் செத்து வெடிக்கின்றன. அவற்றின் உடலிலிருந்த நொதிகள் சீஸுக்குள் கொட்டுகின்றன. உண்மையான வேலை அப்போதுதான் சூடுபிடிக்கிறது. செத்தும் கொடுத்த சீதக்காதி என்போமே, அந்தக் கதைதான்.

அந்த நொதிகள் புரதச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டுகின்றன. முழுப் புரதத்துக்குப் பெரும்பாலும் ருசி கிடையாது. நம் நாக்கு உணர முடியாத அளவுக்கு அது பெரியது. உடைந்து அமினோ அமிலங்களாகச் சிதறிய பிறகே நாக்கு அதை அறியும். அவற்றில் ஒன்றான குளுடமேட்தான் உமாமி எனப்படும் ஐந்தாம் சுவையைத் தருவது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்த சுவை அது. முதிர்ந்த பார்மிஜியானோவில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கும் மேல் தனித்த குளுடமேட் இருக்கிறது. தாய்ப்பாலிலும் தனித்த அமினோ அமிலங்களில் அதுவே அதிகம். நாம் முதலில் அறிந்த சுவைகளில் ஒன்றைத்தான் இங்கே விலை கொடுத்து வாங்குகிறோம்.

அப்படி உடைந்து விழும் இன்னொன்று டைரோசின். இது தண்ணீரில் எளிதில் கரையாது. மாதங்கள் செல்லச் செல்லச் சீஸிலிருந்து ஈரமும் வற்றும். இடமில்லாமல் போகும் டைரோசின் படிகமாகத் திரளும். பல்லில் கடிபட்ட வெள்ளைப் புள்ளி அதுதான். 1846இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சீஸின் புரதத்திலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார். சீஸைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயரும் வந்தது.

உள்ளே நடப்பதை வெட்டிப் பார்க்க முடியாதே, எப்படித் தெரிந்துகொள்வது? 12 மாதம் ஆனதும் ஒரு நிபுணர் சிறு சுத்தியலோடு வருவார். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோலச் சக்கரத்தைச் சுற்றித் தட்டிக் காது கொடுப்பார். ஓசை மாறினால் உள்ளே வெடிப்போ காற்றுக்குழியோ இருக்கிறது என்று பொருள். தேறியதற்குச் சூட்டுமுத்திரை உண்டு. தேறாததன் மேல்தோலிலுள்ள பெயரைச் சுரண்டிவிடுவார்கள்.

இவ்வளவு காலம் பணத்தை அலமாரியில் முடக்கி வைக்க எல்லா உற்பத்தியாளர்களாலும் முடியுமா? அதனால் இத்தாலியின் எமிலியா பகுதியில் சீஸ் சக்கரங்களை அடகு பிடித்துக் கடன் கொடுக்கும் வங்கியே இருக்கிறது. நகைக்குப் பெட்டகம் வைத்திருப்பதுபோல அது சீஸுக்குக் கிடங்கு வைத்திருக்கிறது. ஈட்டாலியில் விலைச்சீட்டைப் பார்த்துக் கண் விரிந்தால், அதில் பாலின் விலையோடு அந்தக் காத்திருப்பின் வட்டியும் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

எனவே அடுத்தமுறை முதிர்ந்த பார்மிஜியானோவின் உள்ளே வெள்ளைப் புள்ளியைக் கண்டால் சுரண்டி எறியாதீர்கள். அந்தச் சக்கரம் பொறுமையாகக் காத்திருந்ததற்கு அதுவே சாட்சி.