தூய்மை தொடங்கும் பட்டியல்

பள்ளியொன்று ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரு தாளுக்குள் அடங்கிவிடும். பினாயில், சலவைத்தூள், கழிப்பறை அமிலம், துடைப்பம், சுண்ணக்கட்டி, சுவருக்கு வண்ணப்பூச்சு எனச் சில வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் அளவு, ஒரு விலை. சென்ற ஆண்டின் பட்டியலே தேதி மட்டும் மாற்றி இவ்வாண்டும் அனுப்பப்படுவதுண்டு. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஓராண்டு முழுவதும் எத்தகைய காற்றைச் சுவாசிக்கப் போகிறார்கள், தூய்மைப் பணியாளர் எதனைக் கையால் தொடப் போகிறார் என்பவற்றை அந்தத் தாளே முடிவு செய்துவிடுகிறது.

அடுத்தடுத்து நிற்கும் இரு வரிகள்

அப்பட்டியலின் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று சலவைத்தூள்; மற்றொன்று கறை நீக்கும் அமிலம். இரண்டும் பழக்கமான பொருள்களே. ஆனால், அமிலம் ஊற்றிய தரை உலரும் முன் அதன்மீது சலவைத்தூளைத் தூவினால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரலில், முதல் உலகப்போரின்போது பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே போர்க்கருவியாகப் பயன்படுத்தப்பட்டது இவ்வாயுவே. காற்றைவிட அடர்த்தி மிகுந்த அது தரையை ஒட்டித் தங்கும். காற்றோட்டமில்லாத கழிப்பறையில் குனிந்து தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அங்கேதான். சிறுநீர் தேங்கிய இடத்தில் சலவைத்தூளைக் கொட்டினால் குளோரமின்கள் உண்டாகிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இவ்வேதிவினைகள் வகுப்பறையில் சமன்பாடுகளாகக் கற்பிக்கப்படுகின்றன. அப்பொருள்களை நாள்தோறும் கையாளும் பணியாளரிடம் அவற்றை எடுத்துச் சொல்லும் வழக்கம் அரிது.

அமிலம் கேட்கும் பணியாளரைக் குறை கூறுவதில் பொருளில்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் பீங்கானில் படியவிடும் கறை எளிதில் போகாது. நாள்தோறும் நல்ல தூரிகையால் தேய்க்கப்பட்டால் அக்கறை தடிப்பதில்லை. தூரிகையும் கையுறையும் போதிய நேரமும் வழங்கப்படாத இடத்தில் அவற்றின் வேலையை அமிலம் செய்கிறது.

அமிலத்தை வாங்கி வைப்பதற்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. அமில வீச்சுக் கொடுமையைத் தடுக்கும் பொருட்டு உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் பிறப்பித்த ஆணை, கடைகளில் நடக்கும் விற்பனையோடு நின்றுவிடவில்லை. அமிலத்தை இருப்பு வைக்கும் கல்வி நிறுவனங்கள் பயன்பாட்டுப் பதிவேடு பேணவேண்டும் என்றும், அதன் பாதுகாப்புக்கு ஒருவர் பொறுப்பேற்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. கழிப்பறை ஓரத்தில் மூடியின்றி நிற்கும் அமிலப் புட்டி இவ்வாணைக்குப் பொருந்தாத காட்சி.

விபத்து நேராதபோதும் தீங்கு மெல்லத் தொடரக்கூடும். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2018இல் தம் முடிவை வெளியிட்டனர். வீட்டிலோ தொழிலாகவோ தூய்மைப் பணி செய்த பெண்களின் நுரையீரல் திறன், அப்பணி செய்யாத பெண்களின் திறனைவிட விரைவாகக் குறைந்திருந்தது. குழந்தைகளோ தம் உடல் எடையோடு ஒப்பிடுகையில் பெரியவர்களைவிட மிகுதியான காற்றை உள்ளிழுப்பவர்கள்.

மலிவு எனப்படுவது

பாதுகாப்பான பொருள் விலை மிகுந்தது என்பதே வழக்கமான மறுப்பு. லிட்டருக்கு 60 ரூபாய் விலையுள்ள ஒரு திரவம் தன்னைப்போல் நான்கு மடங்கு நீரையும், 300 ரூபாய் விலையுள்ள ஓர் அடர்கரைசல் 49 மடங்கு நீரையும் ஏற்பதாகக் கொள்ளலாம். முன்னது 5 லிட்டராகும். பயன்படும் லிட்டர் ஒன்றுக்கு 12 ரூபாய். பின்னது 50 லிட்டராகும். லிட்டருக்கு 6 ரூபாய்தான். பட்டியலின் விலைக் கட்டத்தில் மட்டும் கண்ணை ஓட்டுபவருக்கு இக்கணக்கு புலப்படாது. அளந்து கலக்கும் குவளை ஒன்றையும் சேர்த்து வாங்காவிட்டால் இச்சேமிப்பும் கைக்கு வராது.

சலவைத்தூளின் கதை வேறு. புதிதாக இருக்கும்போது அதில் பயன்தரும் குளோரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். வெப்பமும் ஈரமும் பட அது குறைந்துகொண்டே போகும். ஆண்டுத் தேவை முழுவதையும் ஒரே மூட்டையாக வாங்கித் தகரக் கூரையின்கீழ் அடுக்கிவைக்கும் பள்ளி, கோடைக்குப்பின் தரையில் தூவுவது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்பைத்தான். அழுக்கின்மீது தூவப்படும் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடுவதும் உண்டு. முதலில் சோப்புக் கரைசலால் கழுவிய தரைக்குக் கிருமிநீக்கி சிறிதளவே போதும்.

சொல்லும் முத்திரையும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2005இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் தீங்கு குறைந்த தூய்மைப் பொருள்களையே வாங்கவேண்டும் என்ற அச்சட்டம் 2006 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பொருள் தகுதியுடையது என்று ஒவ்வொரு தலைமையாசிரியரும் தனியே ஆராயவேண்டிய நிலை அங்கில்லை. மாநில அரசின் துறையொன்று வழிகாட்டுதல்களை வகுத்துப் பட்டியலையும் வெளியிடுகிறது. 2007இல் இலினாய் மாநிலமும் இத்தகைய சட்டத்தை இயற்றியது.

இந்தியாவில் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களை அடையாளம் காட்ட 1991இல் ‘ஈகோமார்க்’ என்னும் முத்திரை அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் சின்னம் மண்பானை. மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பும் பானையைத் தேர்ந்தெடுத்தவர்களின் நுண்ணறிவு பாராட்டத்தக்கது. எனினும் அம்முத்திரையைக் கண்டு பொருள் வாங்கும் பழக்கம் மக்களிடம் பரவவில்லை. அதற்கு மாறாக ‘இயற்கை’, ‘பசுமை’ என்னும் சொற்களே புட்டிகளை நிறைக்கின்றன. சான்று இல்லாதபோது அச்சொற்கள் எதற்கும் உறுதி தருவதில்லை. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம்கூடச் சலவைத்தூளோடு சேர்ந்தால் குளோரினை வெளியிடக்கூடியதே.

வகுப்பறைப் பொருள்களுக்கும் இது பொருந்தும். வெண்பலகைக்கு வாங்கும் எழுதுகோலின் மையில் சைலீன் போன்ற கரைப்பான்கள் இல்லை என்பதை உறுதிசெய்யலாம். வண்ணப்பூச்சு இன்னும் கவனத்திற்குரியது. மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயம், வீட்டுப் பயன்பாட்டு வண்ணப்பூச்சுகளில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சாளரக் கம்பிகளில் உரியும் பழைய பூச்சுக்கு அவ்விதி எட்டாது. அதனை உலர்நிலையில் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டவேண்டும் என்பதும், விடுமுறையில் அவ்வேலையை முடிக்கவேண்டும் என்பதும் பணி ஒப்பந்தத்திலேயே இடம்பெறலாம்.

அரசுக் கொள்முதலில் குறைந்த விலைக்கே முதலிடம் என்பதால் இவையெல்லாம் இயலாது எனச் சிலர் கருதுவர். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டமும், கேட்கப்பட்ட தகுதிகளை நிறைவுசெய்யும் ஒப்பந்தப்புள்ளிகளுக்குள்தான் விலையை ஒப்பிடுகிறது. ஆகவே எதைக் கேட்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘தரை கழுவும் திரவம், 50 லிட்டர்’ என்றெழுதினால் மிக மலிவான திரவம் வந்து சேரும். ‘உட்பொருள்கள் அச்சிடப்பட்ட, மணமூட்டி சேர்க்கப்படாத, ஈகோமார்க் அல்லது அதற்கு நிகரான சான்று பெற்ற அடர்கரைசல், தமிழில் கலக்கும் முறை, அளவுக்குவளை, இரண்டு இணை கையுறைகளுடன்’ என்றெழுதினால், அவற்றைத் தரக்கூடியவர்களுக்குள் விலை குறைந்தவர் வருவார். ஒரு பள்ளி தனியே கேட்கும்போது கடைக்காரர் தயங்கலாம். ஒன்றியத்தின் பள்ளிகள் அனைத்தும் இதே வரியை எழுதினால் அவர் அப்பொருளை வரவழைத்து வைப்பார்.

பெற்றோர் பெரும்பான்மையாக இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் அப்பட்டியலை உரக்கப் படித்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். தூய்மைப் பணியாளரையும் அக்கூட்டத்திற்கு அழைத்தால், எந்தப் பொருள் கையை எரிக்கிறது, எது கறையை நீக்குவதே இல்லை என்பவற்றை அவரே சொல்லிவிடுவார்.