புறாமலைக்கு முதல் படகு

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் நிலாவெளி. அந்தக் கரையில் நின்றாலே புறாமலை கண்ணில் படும். கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி, பாறையும் பற்றையுமாக ஒரு மேடு. பக்கத்திலேயே இன்னொன்று, அதைவிடச் சிறியது. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் குடியிருப்பதால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது.

போக நல்ல காலம் சித்திரை முதல் புரட்டாசி வரை. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கிழக்குக் கடல் கலங்கிப் பொங்கும். படகும் ஓடாது, ஓடினாலும் தண்ணீருக்குள் எதுவும் தெரியாது. அந்த நல்ல மாதங்களிலும் காலை முதல் படகைப் பிடிப்பவருக்குத்தான் புறாமலை கிடைக்கும். இயந்திரம் நின்றதும் கேட்பது அலை மணலைத் தொட்டுத் திரும்பும் ஓசை மட்டும். அந்த அரை மணி நேர அமைதிக்காகவே விடியலில் எழும்பலாம்.

இங்கே ஆழம் தேடிப் போக வேண்டியதில்லை. முகமூடியைக் கட்டி, மூச்சுக்குழாயைப் பல்லில் கடித்து, குப்புற மிதந்தால் போதும். கைக்கெட்டும் தூரத்தில் முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. மான்கொம்பு போலக் கிளைத்தவை, மூளை மடிப்புப் போல உருண்டவை, தட்டுத் தட்டாக விரிந்தவை என்று நூறு வகை அளவில் பதிவாகியிருக்கின்றன. மீன்கள் முந்நூறு வகை. காது தண்ணீருக்குள் இருந்தால் 'கறுக் கறுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும் சத்தம் அது. கூடவே உள்ளே போன சுண்ணாம்பு அரைபட்டு, வெள்ளை மணலாக அதன் வாலடியில் புகைபோல வெளியேறும். கரையில் காலுக்கு மெத்தென்றிருக்கும் மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

துடுப்பு நுனி கறுத்த சுறாக்களும் இங்கே உண்டு. 'சுறா' என்றதும் பலருக்குக் குலை நடுங்கும். ஆனால் இந்த வகை மனிதரைக் கண்டால் தானே விலகிப் போகும். துரத்தாமல், கை கால் அடிக்காமல் மிதந்தால், ஆழமில்லாத நீரில் அது வளைந்து திரும்புவதை ஆசைதீரப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்காமையும் கண்ணில் படும்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, குழாய்க்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி எழுந்து நிற்பது. காலடியில் இருப்பது கல் அல்ல, உயிர். உருண்டையாக வளரும் முருகைக்கல் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு பூசணிக்காய் அளவு வருவதற்குள் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துவிடும். அதனால் முதலில் வெறும் மணல் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் பழக வேண்டும். முகமூடிக் கண்ணாடியின் உட்புறம் எச்சில் தேய்த்து அலசினால் பனி படியாது. குழாயில் நீர் ஏறினால் 'பூ' என்று ஒரே மூச்சில் ஊதித் தள்ளலாம். இந்த இரண்டும் கைவந்தால் பதற்றம் போய்விடும். நீச்சல் தெரியாதவர் மிதவை அங்கி இல்லாமல் இறங்கவே கூடாது. முதுகுக்கு வெயில் பூச்சைவிட முழுக்கைச் சட்டை நல்லது. சில பூச்சுகளில் உள்ள ஆக்ஸிபென்சோன் முருகைக்கல்லுக்கு நஞ்சு என்பதால்தான் ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை போட்டது.

1998இல் கடல் சூடேறி உலகெங்கும் பவளப்பாறைகள் வெளுத்தபோது, தெற்கே ஹிக்கடுவையில் பெரும்பகுதி மடிந்தது, புறாமலை தப்பியது. போர்க்காலத்தில் உல்லாசப் பயணிகள் எட்டிப் பார்க்காத இடம். போர் முடிந்த 2009க்குப் பிறகு கூட்டம் பெருகியது. சூடேறும் கடலைக் கரையில் நிற்பவர் தடுக்க முடியாது. தம் காலைத் தடுக்கலாம்.

வெயில் ஏறியதும் அடுத்தடுத்த படகுகள் வந்து சேர்கின்றன. தீவின் ஒரு கரையில் இறந்த முருகைத் துண்டுகள் விரல் விரலாகக் குவிந்து கிடக்கின்றன. நடக்கும்போது உடைந்த ஓடுபோலக் கலகலக்கும். ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தால், ஊசி முனையால் குத்தியதுபோல நூற்றுக்கணக்கான குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது.