இராணுவ உடுப்பில் மகளின் போட்டோ!

உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரை ஒரு முறை பாருங்கள். தாத்தா, பாட்டி படம் இருக்கும். கலியாணப் படம் இருக்கும். பட்டாளத்துக்குப் போன மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், தொப்பியும் மீசையுமாக அவர் நிற்கும் படமும் நிச்சயம் இருக்கும்.

அதே சுவரில் இராணுவ உடுப்பு அணிந்த ஒரு பெண்ணின் படம் உண்டா?

பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஆனால், இனி வரும்!

சோழவரமும் பட்டாளமும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில் இருக்கிறது சோழவரம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியால் ஊருக்குப் பெயர். இன்னொரு பெருமையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே விமானத் தளம் இருந்தது. போர் முடிந்த பிறகு அந்த ஓடுபாதையில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது.

போர்க்காலத்தில் பட்டாளம் என்றால் ஆண்கள்தானே என்று நினைக்கலாம். அது தவறு. 1942-ம் ஆண்டிலேயே இந்தியாவில் பெண்கள் துணைப்படை அமைக்கப்பட்டது. அலுவலக வேலை, செய்தித் தொடர்பு போன்ற பணிகளைப் பெண்கள் ஏற்றார்கள். கடற்படைப் பணிக்கும் அதில் ஒரு பிரிவு இருந்தது.

அந்தக் கடற்படைப் பிரிவின் அதிகாரி கல்யாணி சென், 1945-ல் பிரிட்டனுக்குச் சென்றார். ரோசைத் என்ற கடற்படைத் தளத்தில் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண் அதிகாரி நிற்கிறார். கல்யாணி சென்னோ புடவையில் நிற்கிறார். ஆம், புடவையே அங்கே சீருடை!

சென்னைப் பெண் கேப்டன்

அதே போர்க்காலத்தில் சிங்கப்பூரில் வேறொரு பெண் படை எழுந்தது. நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படை! தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி.

1943 ஜூலையில் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்ய அவர் 20 பெண்களைத் திரட்டினார். புடவை கட்டிய பெண்கள் கையில் துப்பாக்கியுடன் நின்றார்கள். அக்டோபர் 22-ந் தேதி பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. புடவை போய்க் காக்கி உடுப்பு வந்தது. மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பலர் அந்த உடுப்பை அணிந்தார்கள்.

கேப்டன் லட்சுமி 2012-ல் தமது 97-வது வயதில் மறைந்தார். அவர் பெயரைச் சொன்னதும் பலர் கண் முன் வருவது, இராணுவத் தொப்பியுடன் அவர் நிற்கும் கோலம்தான். அதுதான் போட்டோவின் சக்தி!

பரங்கிமலையில் நட்சத்திரம்

சுதந்திர இந்தியாவில் மருத்துவம், நர்ஸ் பணி தவிர மற்றப் பிரிவுகளில் பெண்கள் இராணுவ அதிகாரிகளாகும் வழி 1992-ல் திறந்தது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம். முதல் அணி 1993 மார்ச்சில் பயிற்சி முடித்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு, பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பதவி வழங்க வேண்டும் என்று தீர்ப்புக் கூறியது. தேசியப் பாதுகாப்புக் கழகத்திலிருந்து 17 பெண்கள் கொண்ட முதல் அணி 2025 மே மாதம் வெளியே வந்தது.

பரங்கிமலையில் பயிற்சி முடியும் நாளில் பெற்றோரே மகளின் தோளில் நட்சத்திரம் பொருத்துவார்கள். தாயின் விரல் நடுங்கும். தந்தையின் கண் கலங்கும். அந்த ஒரு நிமிஷத்தைப் படம் பிடிக்காமல் யார் விடுவார்கள்?

எப்படி எடுப்பது?

லீவில் ஊருக்கு வரும் மகளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போகிறீர்களா? சில விஷயங்களைக் கவனியுங்கள்.

தொப்பியின் விளிம்பு கண்ணுக்கு மேல் நிழல் போடும். முகம் இருட்டாகிவிடும். விளக்கைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் போதும். வெளிச்சம் அதில் பட்டு முகத்தில் விழும்.

பச்சை உடுப்புக்குப் பின்னால் கறுப்புத் திரை வேண்டாம். தோள் இருக்கும் இடமே தெரியாது. வெளிர்நிறத் திரை நல்லது.

பதக்கங்கள் இடது மார்பில் இருக்க வேண்டும். செல்போனில் தன்னைத் தானே எடுக்கும்போது சில சமயம் படம் கண்ணாடி பிம்பம்போல் இடம் மாறிவிடும். பதக்கம் வலது பக்கம் போகும். பெயர்ப் பட்டையின் எழுத்து இடவலம் மாறித் தெரியும்! பிரிண்ட் போடுமுன் சரி பாருங்கள்.

முகத்தை வெளுப்பாக்கவும் வேண்டாம். வெயிலில் ஓடிக் கறுத்த முகம் அது. அந்தக் கறுப்பும் ஒரு பதக்கம்தான்!

எச்சரிக்கை

இராணுவத்தில் இல்லாதவர், இராணுவத்தார் என்று பிறரை நம்ப வைக்க அந்த உடுப்பை அணிந்தால் குற்றம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பணியில் இருக்கும் பெண்ணின் படத்தையும், அவளைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். சமூக ஊடகங்களைப் பற்றி இராணுவத்தில் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன.

பின்பக்கம் எழுதுங்கள்!

கடைசியாக ஒன்று. போர்க்காலப் படங்கள் பலவற்றில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முகம் இருக்கிறது, பெயர் இல்லை. கல்யாணி சென் படத்தில் பெயர் எழுதி வைத்தார்கள். ஆகவே இன்று அவரை அறிகிறோம். மற்றவர்கள் யாருடைய மகள், எந்த ஊர் என்று யார் சொல்வது?

ஆகவே படத்தைச் சட்டம் போடுமுன் திருப்புங்கள். பேனாவை எடுங்கள். பெயர், பதவி, ஊர், வருஷம் நான்கையும் எழுதுங்கள்.

நாளை பேத்தி கேட்பாள், “இது யார்?” என்று.

எழுத்துக் கூட்டி அவளே படித்துக்கொள்வாள்!