குடம் தண்ணிக்கு அல்லாடுற ஊருல வீட்டு வாசலில் புல்வெளியா? கரிசல் மண்ணிலும் வளர்க்கலாம்... தண்ணி கணக்கு தெரிஞ்சா போதும்!

சிவகாசி:

வீட்டு வாசலில் பச்சைப்பசேல்னு புல்வெளி. புதுசா வீடு கட்டும் பலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் நர்சரியில் வாங்கி வந்து விரித்த 'கார்பெட்' புல் சித்திரை வெயிலில் சருகாகிப் போனால், காசும் போச்சு, தண்ணியும் போச்சு!

மழை குறைவு, காற்றில் ஈரப்பதம் குறைவு. பட்டாசு, தீப்பெட்டி தொழிலுக்கு கைகொடுத்த இதே வறட்சிதான் புல்லுக்கு எதிரி.

எத்தனை குடம்?

முதலில் கணக்கைப் பார்க்கணும். கோடையில் புல் வாடாமல் இருக்க தினமும் சுமார் 5 மி.மீ. அளவுக்கு தண்ணீர் தேவை. 100 சதுர அடிக்கு இது 46 லிட்டர். அதாவது 3 குடம். ஆசைப்பட்டு 1,000 சதுர அடியில் போட்டால் தினமும் 30 குடம்! எனவே இடத்தைப் பார்த்து புல் போடாமல், தண்ணியைப் பார்த்து போடுவதே புத்திசாலித்தனம்.

1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு அங்குலம் மழை பெய்தால் 2 ஆயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். 2003-ல் தமிழகம் முழுக்க கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டி சும்மா கிடந்தால், தூர்வாரி வைக்கலாம்.

எந்த புல் நல்லது?

காசு கொடுத்து தேட வேண்டாம். வரப்பில் கிடக்கும் அருகம்புல்லே போதும்! பிள்ளையாருக்கு மாலை கட்டும் அதே புல்தான் உலகம் முழுக்க 'பெர்முடா' என்ற பெயரில் விளையாட்டு மைதானங்களில் வளர்கிறது. வெயில், மிதி, ஓரளவு உப்புத் தண்ணீர் எல்லாத்தையும் தாங்கும். கோடையில் மஞ்சளாகி கிடந்தாலும், ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடும். நிழல் மட்டும் ஆகாது. மரத்தடியில் அகல இலை கொண்ட பஃபலோ புல் வைக்கலாம். ஆனால் அதுக்கு தண்ணி கூடுதலாக வேணும்.

எப்படி நடுவது?

ஆவணி, புரட்டாசியில் வேலையை முடித்தால், வடகிழக்கு பருவமழை பார்த்துக்கொள்ளும். ஒரு அடி ஆழம் கொத்தி, கல், கோரைக்கிழங்கை பொறுக்கணும். உடனே நட்டுவிடக் கூடாது. 2 வாரம் தண்ணி விட்டு, முளைக்கிற களையையும் பிடுங்கிவிடணும். கோரையை விட்டால் அப்புறம் ஒழிக்க முடியாது.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் சேறாகும். 100 சதுர அடிக்கு 4, 5 கூடை மக்கிய தொழு உரம் கலந்து, தண்ணி தேங்காதபடி லேசான சரிவு கொடுக்கணும். பிறகு வேருள்ள அருகங்கொடிகளை 4 அங்குல இடைவெளியில் நட வேண்டியதுதான்.

தினமும் தெளிக்காதீங்க!

வேர் பிடித்த பிறகு தினமும் மேலாக தெளிப்பது தப்பு. வேர் மேலேயே நின்றுவிடும். வாரம் 2 முறை, விடியற்காலையில், அரை அடி ஆழம் நனைகிற மாதிரி விடணும். காய்கறி கழுவிய தண்ணியும் ஆகும். சோப்பு நுரை, காரம் உள்ள தண்ணி கூடாது.

வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கோடையில் 2 அங்குலம் வரை விட்டால் மண் சூடாகாது. யூரியா போட்டால், 100 சதுர அடிக்கு 100 கிராம் போதும். மழைக்காலத்தில் போட்டு, உடனே தண்ணி விடணும்.

தீபாவளி உஷார்!

காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை சிவகாசிக்காரர்களுக்கு சொல்லித் தர வேண்டாம். பட்டாசு ஆலை அறைகளைச் சுற்றி புல்லை அகற்றி வைப்பது அதனால்தான். வீட்டிலும் அதே ஜாக்கிரதை வேணும். புல்வெளியில் வெடி வெடிக்காதீர்கள். எரிந்த மத்தாப்பு கம்பியை வாளித் தண்ணீரில் போடுங்கள். புல்லுக்குள் கிடந்தால் குழந்தைகள் காலை பதம் பார்த்துவிடும்.

தொட்டியில் தண்ணி இருக்கா? அப்போ 100 சதுர அடியில் ஆரம்பிங்க. ஒரு கோடையை அது தாண்டிய பிறகு பெருசாக்குவது பற்றி யோசிக்கலாம்!