உஷார்! பெயர் தெரியாத மருத்துவக் கல்லூரிக்கு பி.எஃப். பணத்தை நீட்டும் முன்...

நீட் முடிவு வந்த மறுவாரமே நெய்வேலி டவுன்ஷிப் வீடுகளில் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், பொண்ணு குவாலிஃபை ஆயிருக்கு, வாழ்த்துகள்! நம்ம காலேஜ்ல ரெண்டே ரெண்டு சீட்டுதான் மிச்சம். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டுட்டீங்கன்னா பிளாக் பண்ணிடலாம்." அந்தக் கல்லூரியின் பெயரை நீங்கள் அதுவரை கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது வடக்கே எங்கோ இருக்கும்; அல்லது வரைபடத்தில் தேடினாலும் சட்டென்று அகப்படாத ஒரு நாட்டில் இருக்கும். போனை வைத்ததும் வீட்டில் பேச்சு தொடங்கும்: விண்ணப்பித்துத்தான் பார்ப்போமே, விண்ணப்பத்துக்கு என்ன காசா பணமா?

காசுதான். அதுவும் உங்கள் காசு.

இந்த ஊர்மேல் அவர்களுக்கு ஏன் இத்தனை பிரியம் என்று யோசித்துப் பாருங்கள். என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் பர்மனென்ட் தொழிலாளிகள் பலருக்கு, பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் நேரத்தில் ஓய்வும் நெருங்கிவிடுகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி என்று ஆயுளில் ஒரே ஒருமுறை பெருந்தொகை கைக்கு வரும். அதே வேகத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளும் வரும். ஆக அது மனை வாங்க, வீடு கட்ட, மிச்சக் காலத்துக்குக் கஞ்சி குடிக்க உள்ள பணம். 'அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் சார்?' என்று எதிர்முனையில் கேட்டால் நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் 'குவாலிஃபை' என்கிற சொல். 2025 நீட் தேர்வில் பொதுப் பிரிவில் 720-க்கு 144 மதிப்பெண் எடுத்தவரும் தகுதி பெற்றவர்தான். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113 போதும். அப்படித் தகுதி பெற்றவர்கள் நாடு முழுக்க 12 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்தே சுமார் 1.2 லட்சம். பத்தில் ஒன்பது 'தகுதி'க்கு இடமே இல்லை. வாழ்த்துச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது 'டைரக்ட் அட்மிஷன்'. இந்தியாவில் இன்று எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அப்படி ஒரு வாசலே கிடையாது. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடமும் மாநிலத் தேர்வுக் குழுவின் கவுன்சலிங்கில்தான் நிரம்ப வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள் 2017 முதல் டெல்லியின் எம்.சி.சி. எனும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் கவுன்சலிங்கில் போகின்றன. நடுவில் ஒருவர் சீட்டை 'பிளாக்' செய்கிறார் என்றால், ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் சட்டத்தை மீறுகிறார். இரண்டில் எதற்கும் ரசீது வராது. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. கறுப்பாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு எந்தக் காவல் நிலையத்துக்குப் போவீர்கள்?

இதைச் சொன்னதும் சிலர் எதிர்முனைக்கு ஓடிவிடுகிறார்கள். பெயர் தெரியாத கல்லூரி என்றாலே வேண்டாம் என்கிறார்கள். அதுவும் தப்பு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் அரியலூரும் கள்ளக்குறிச்சியும் நமக்குப் பக்கத்து ஊர்கள். இன்னும் ஒரு தலைமுறை டாக்டர்கள்கூட முழுசாக வெளிவராத கல்லூரிகள்தான். ஆனால் வார்டு நிறைய நோயாளிகள் இருக்கிறார்கள். கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். அங்கே இடம் கிடைத்தும் 'பேர் கேள்விப்படலையே' என்று ஒருவர் தயங்கினால் அவரை உட்கார வைத்துத் திட்ட வேண்டும். பழைய பெயர் மட்டும் காப்பாற்றிவிடுமா என்ன? 2023 மே மாதம் சென்னை ஸ்டான்லிக்கே அங்கீகாரச் சிக்கல் வந்தது. திருச்சி, தருமபுரி அரசுக் கல்லூரிகளுக்கும் அப்போது வந்தது. பயோமெட்ரிக் வருகைப் பதிவு, கண்காணிப்பு கேமரா இவற்றில் குறை என்றார்கள். சில வாரங்களில் சரிசெய்து அங்கீகாரத்தை மீட்டார்கள். மாணவர்களுக்குச் சேதம் இல்லை. அரசுக் கல்லூரி தடுமாறினால் தாங்கிப் பிடிக்க அரசு இருக்கிறது. ஊர்பேர் தெரியாத அறக்கட்டளைக் கல்லூரி தடுமாறினால் யார் இருக்கிறார்கள்?

எப்படித் தடுமாறும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே வரலாறு உண்டு. புதிய கல்லூரிக்கு முதலில் கிடைப்பது ஓராண்டு அனுமதிக் கடிதம் மட்டுமே. முதல் பேட்ச் கடைசித் தேர்வு எழுதும்வரை அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகுதான் முழு அங்கீகாரம். திருவள்ளூர் அருகே 2010-ல் தொடங்கிய டி.டி. மருத்துவக் கல்லூரியில் அனுமதிச் சிக்கல் வெடித்து, சேர்ந்த பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் போராட்டப் பந்தலுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார்கள். மாமல்லபுரம் பக்கம் பொன்னையா ராமஜெயம் மருத்துவக் கல்லூரி, 2016-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் நிபந்தனை அனுமதியில் மாணவர்களைச் சேர்த்தது. மறு ஆண்டே புதிய சேர்க்கைக்குத் தடை விழுந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வேறு கல்லூரிக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆக, 'அனுமதி இருக்கா?' என்று கேட்பது அரைக் கேள்வி. 'இந்த வருஷத்துக்கு இருக்கா, எத்தனை இடத்துக்கு?' என்று கேளுங்கள். விடையைக் கல்லூரிக்காரர் வாயிலிருந்து வாங்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளப் பட்டியலில் உங்கள் கண்ணால் பாருங்கள். அனுமதியே இல்லாமல் எம்.பி.பி.எஸ். நடத்துவதாக ராஜஸ்தானின் சிங்கானியா பல்கலைக்கழகத்தையும் மேற்கு வங்கத்தின் சஞ்சீபன் கல்லூரியையும் பெயர் சொல்லியே 2025-ல் ஆணையம் எச்சரித்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2016 ஜனவரி 23-ஆம் தேதி சின்னசேலம் பக்கம் எஸ்.வி.எஸ். யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் படித்த மூன்று மாணவிகள் கிணற்றில் பிணமாகக் கிடந்தார்கள். மிதமிஞ்சிய கட்டணம் வாங்குகிறார்கள், பாடம் நடத்த ஆளில்லை, வசதியில்லை என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்தக் கல்லூரி மாணவர்கள் அதற்கு முன்பே தெருவுக்கு வந்து போராடியவர்கள். நெய்வேலியிலிருந்து விருத்தாசலம் வழியாகப் போனால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்; அவ்வளவு பக்கம். சேர்க்கும் முன் ஒரு நாள் போய், அங்கே படிக்கிற பிள்ளைகளோடு கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பத்து நிமிஷம் பேசியிருந்தால் போதும், எந்தப் பெற்றோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

நேரில் போவதுதான் என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலை. போகிறவர்கள் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் ஏசி ஹாஸ்டலையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரி. ஆணையத்தின் 2023 விதிப்படி 100 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 420 படுக்கை வேண்டும், 150 பேர் என்றால் 605. அதில் 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். அதாவது 100 பேர் சேரும் கல்லூரியிலேயே சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை 336 பேர் படுத்திருக்க வேண்டும். நம் என்.எல்.சி. பொது மருத்துவமனை ஓ.பி.யில் காலை நேரக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளாமல் ஒரு வேலை நாளில் பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். டோக்கன் கொடுக்கும் இடம் காலியாக இருந்தால், பிரசவ வார்டில் குழந்தை அழும் சத்தம் கேட்கவில்லை என்றால், உங்கள் பிள்ளை அங்கே நோயாளியைத் தொடாமலே டாக்டராவார்.

சொல்லிக்கொள்ளாமல் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் வெளிவந்த சி.பி.ஐ. வழக்கைப் படித்திருப்பீர்கள். கல்லூரிகளில் ஆணையம் நடத்தும் ஆய்வு எந்த நாளில், யார் வருகிறார் என்ற ரகசியம் முன்கூட்டியே விற்கப்பட்டது. இல்லாத பேராசிரியர்களும் வாடகை நோயாளிகளும் ஆய்வு நாளில் நிறுத்தப்பட்டார்கள். ஆய்வாளர்களுக்கு லஞ்சமும் போனது. இவை எல்லாமே குற்றச்சாட்டு. சுகாதார அமைச்சக அதிகாரிகள்வரை பெயர்கள் வந்தன. வழக்கு முடியட்டும், யார் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லட்டும். பெற்றோருக்குப் புரிய வேண்டியது இதுதான்: தேதி குறித்துக்கொண்டு போனால் கல்லூரி காட்ட விரும்புவதைத்தான் பார்ப்பீர்கள்.

கட்டண விஷயத்தில் நமக்கு வீட்டுப் பக்கத்திலேயே பாடம் கிடைத்தது. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இருப்பது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு எடுத்துக்கொண்டது. 'இனி கவர்மென்ட் காலேஜ்தான்' என்று ஊரே பேசியது. கட்டணமோ எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு 5.44 லட்சமாகவே நின்றது. 2020 டிசம்பரில் தொடங்கி ஐம்பது நாட்களுக்கு மேல் மாணவர்கள் போராடினார்கள். 2021 ஜனவரி கடைசியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. கட்டணம் 13,610 ரூபாய்க்கு இறங்கியது. நல்ல முடிவு. ஆனால் எல்லாப் போராட்டமும் அப்படி முடிவதில்லை. 'அரசு', 'நிகர்நிலை', 'கோட்டா' என்று வாயால் சொல்வதை நம்பாமல், ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம் உட்பட எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தராத கல்லூரிக்கு விண்ணப்பமும் வேண்டாம்.

வெளிநாடுதான் இதில் பெரிய பள்ளம். 'ஆறு வருஷம், இருபத்தஞ்சு லட்சம், முடிஞ்சுது' என்பார்கள். முடியாது. படித்துத் திரும்பியவர் இங்கே ஊசி போட வேண்டும் என்றால் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். 2024 ஜூன் தேர்வில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். தேர்வு எழுதும் உரிமைக்கே 2021 நவம்பர் விதிகள் குறுக்கே நிற்கின்றன: படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், படித்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி, எல்லாம் பத்தாண்டுக்குள். இந்த விதிக்கு முன்னால் பிலிப்பைன்ஸின் நான்கு வருஷ எம்.டி. எப்படி நிற்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள், 48 மாதம்தான் வரும். அதற்கு முந்தைய பி.எஸ். படிப்பையும் சேர்த்துக் கணக்குக் காட்டித்தான் தமிழ்நாட்டிலிருந்து கூட்டங்கூட்டமாக அனுப்பினார்கள். பெலிஸ் நாட்டின் மூன்று கல்லூரிகளையும் உஸ்பெகிஸ்தானின் சிர்சிக் நகரக் கிளைக் கல்லூரி ஒன்றையும் தவிர்க்கச் சொல்லி 2025-ல் ஆணையமே அறிவித்தது. சீனாவுக்குப் போனவர்கள் கொரோனாவால் 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பி, 2022 வரை செல்போனில் உடற்கூறு படித்தார்கள். உக்ரைன் போர்க் கதை உங்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களைக் கும்பல் தாக்கியபோது, அறையைவிட்டு வெளியே வராதீர்கள் என்று நம் தூதரகம் சொல்ல வேண்டியிருந்தது. இதில் எதற்கும் ஏஜென்ட் பொறுப்பில்லை. அவர் கமிஷன் முதல் வருஷக் கட்டணத்திலேயே முடிந்துவிடும்.

வெளிநாட்டில் நன்றாகப் படித்து, தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறி, இங்கே நல்ல டாக்டராக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லித்தான் வியாபாரமே நடக்கிறது. ஏஜென்ட் ஒரு சாதனையாளரின் போட்டோவைக் காட்டினால், அதே பேட்ச்சில் போன மற்றவர்களின் எண்களைக் கேளுங்கள். தேறாமல் மூன்றாவது, நான்காவது முறை கோச்சிங் போகிறவரிடம் பேசுங்கள். அரை மணி நேரத்தில் உங்களுக்கு வேண்டியதெல்லாம் சொல்லிவிடுவார்.

ஒரு வருஷம் திரும்ப நீட் எழுதுவதை அவமானமாக நினைக்கிற வீடுகள் நம் டவுன்ஷிப்பில் நிறைய. நர்சிங், பிசியோதெரபி, பார்மசி என்றாலே முகம் சுளிக்கிற வீடுகளும் நிறைய. அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரே நாளில் போன் வருகிறது.

ஆகவே பெற்றோர்களே, இந்த ஆண்டின் அனுமதி விவரத்தை ஆணையத்தின் பட்டியலில் பார்த்து, ஆஸ்பத்திரி வார்டில் நின்று, முழுக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கும்வரை, அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள், பி.எஃப். பணத்தில் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நாளை சாயங்காலத்துக்குள் என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள்.