கூழாங்கல் மண்ணின் வெள்ளை வைன்

இந்தக் கூழாங்கற்களைக் குனிந்து பாருங்கள். பிரான்சின் போர்தோ நகருக்குத் தெற்கே கரோன் ஆறு யுகயுகமாக உருட்டி வந்து குவித்தவை. மழைநீர் இவற்றினூடே தேங்காமல் வடிந்துவிடும். பகலில் ஏறிய சூட்டைக் கற்கள் இரவிலும் கொடிக்குத் தரும். இங்கு விளையும் சோவின்யோன் பிளாங், செமியோன் திராட்சைகளின் சாற்றைப் பெயர்பெற்ற தோட்டங்களில் ஓக் பீப்பாய்களிலேயே நொதிக்க விடுகிறார்கள். சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாகிவிடுவதால் இனிப்பு தங்காது. சோவின்யோன் பிளாங் எலுமிச்சையின் புளிப்பையும் மணத்தையும் கொடுக்கும். செமியோனோ கொழுமை சேர்த்து, வைனைப் பல ஆண்டுகள் நிலைக்கச் செய்யும். போர்தோவின் சிவப்பு வைன் புகழில் இந்த வெள்ளையை மறப்பது பெரும் இழப்பு. கிராவ் எனப்படும் இந்த வட்டாரத்தின் வடபகுதியான பெசாக்-லியோன்யான், 1987இல் தனிப் புவிசார் குறியீடு பெற்றது.